குளிர்ந்த காற்றும் வாய்க்கால் தண்ணீரும்

மூன்று நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. சர்வீஸ் முடிந்த வண்டிகளைக் கழுவி வரிசையாக வெளியே நிறுத்தும் நேரம் அது. அந்த நேரத்தில் எனக்கு மூச்சுவிடக்கூட முடியாது என்று என் மகன் கார்த்திக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஒருநாளும் அழைக்க மாட்டான். திரையில் அவன் பெயரைப் பார்த்ததுமே கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எடுத்தேன்.

"ம்மா, வண்டி நின்னுடுச்சு. தண்ணிக்குள்ள நிக்கிறோம்."

எப்படி நின்றது என்று கேட்டேன். தானாக அணைந்ததா, அடித்து நின்றதா? டக்கென்று ஒரே ஒரு சத்தம் கேட்டதாகவும், யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டதாகவும் சொன்னான். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தாயா என்றேன். ஒரு தடவை பார்த்தானாம், எஞ்சின் சுற்றவே இல்லையாம். இனிச் சாவியைத் தொடாதே என்றேன். பம்பர் வரைக்கும் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று கேட்டேன்.

எல்லாமே சரியான கேள்விகள். வரிசைதான் தவறு. அந்த வரிசையைப் பற்றிச் சொல்வதற்காகத்தான், நான் வேலை பார்த்த வொர்க்ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நடந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இன்றைக்கும் மூன்று மணிக்கு மேல் போன் அடித்தால் யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துவிடுகிறேன். பொங்கல் கழிந்ததும் நான் விருப்ப ஓய்வு வாங்கியதற்கு முதுகுவலியைக் காரணமாக எழுதிக்கொடுத்தேன். முதுகுவலியும் இருந்தது, அது பொய்யில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார்த்தி சென்னையில் வேலை பார்க்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. டர்போ கிடையாது. தஞ்சாவூர்க் கடைத்தெருவில் அது போனால் பூக்காரம்மாகூடத் தலையைத் திருப்பிப் பார்ப்பார். வாங்கிய மாதமே அவன் கேட்ட கேள்வி, உங்களிடமும் வாரம் ஒருவராவது கேட்கப் போகிற கேள்வி: கோல்ட் ஏர் இன்டேக் குழாய் வைத்தால் பிக்கப் கூடுமா?

அவன் சொன்ன காரணத்தில் பிழை இல்லை. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் செறிவாக இருக்கும். எஞ்சினுக்குள் அது அதிகமாகப் போனால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம், சக்தி கூடும். பாலிடெக்னிக்கில் நானும் இதைத்தான் படித்தேன். ஆனால் கம்பெனி வைத்து அனுப்பும் ஏர் ஃபில்டர் பெட்டியும் எஞ்சின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அதன் வாய் முன் கிரில்லுக்குப் பின்னால், பானட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதுவும் வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. எஞ்சினில் வேறு எதையும் மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால் புதிதாகக் கிடைப்பது மிகக் குறைவு. எஞ்சினின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, சைலன்சரை மாற்றி, பந்தயத்துக்கென்றே தயார் செய்த வண்டியாக இருந்தால் அந்தக் கணக்கு வேறு.

சொன்னால் நம்பமாட்டான் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் ஃபோர்மேன் செல்வராஜும் வந்தார். ஆளில்லாமல் கிடந்த பைபாஸில், மூன்றாவது கியரில், ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்த்தோம். பழைய பெட்டியோடு சில தடவை, கார்த்தி திருச்சியில் வாங்கி வந்த புதிய குழாயோடு சில தடவை. இதுதான் கூடுதல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு தடவை இது முந்தியது, அடுத்த தடவை அது முந்தியது. செல்வராஜ் கொஞ்சம் கனத்த சரீரம். அவர் கதவைத் திறந்துகொண்டே சொன்னார், "தம்பி, என்னைய எறக்கி விட்டுட்டு ஓட்டிப் பாருங்க. இந்தக் குழாய விட ஜாஸ்தி பிக்கப் வரும்."

ஆனால் சத்தம் மாறியிருந்தது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கேக்கும்போதே வேகமா இருக்கேம்மா" என்றான் கார்த்தி. வாடிக்கையாளர்கள் சொல்வதும் இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. காது சொல்வதைக் கால் நம்பிவிடுகிறது. கேலி செய்யாதீர்கள். சத்தத்துக்காக வேண்டுமென்றால் வையுங்கள், வேகத்துக்காக என்றால் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் முதலில் வைத்தது எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும் ரகம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வெயிலில் அங்கே நின்றுவிட்டுக் கிளம்பும்போது வண்டி மந்தமாக இழுப்பதை அவனே கண்டுபிடித்தான். நின்ற இடத்தில் எஞ்சின் தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருந்தது. முட்டாளாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டான். இவன் யோசித்தான், படித்தான், நீளமான குழாயாக மாற்றினான். அது கீழே இறங்கி, பம்பருக்குள், பனி விளக்குக்குப் பின்னால் போய் முடிந்தது. அங்கே காற்று உண்மையிலேயே குளிர்ச்சிதான். ஆனால் என் முழங்காலைவிடத் தாழ்வு. மழைக்கு முன் கழற்றிவிடு, பழைய பெட்டி பரணில்தான் இருக்கிறது என்று சொன்னேன். மழைக்காலத்தில் வண்டி சென்னையில் நிற்கும் என்றான். தீபாவளிக்கு லீவு கிடைத்ததும் அந்த வண்டியிலேயே வந்துவிட்டான். வந்த மறுநாள் பிடித்த மழை விடவில்லை.

மழை வெறித்து வானம் தெளிந்த அன்று, தன்னோடு படித்த ரஃபீக்கை நீடாமங்கலத்தில் அவன் வீட்டில் விட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினான். ரஃபீக்கின் அத்தா அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். கேட் போட்டிருப்பார்கள் என்று இருவரும் வாய்க்கால் ஓரமாகப் போகும் கிராமச் சாலையில் திரும்பியிருக்கிறார்கள். ஓரிடத்தில் வாய்க்கால் வழிந்து சாலை மேல் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு டவுன் பஸ் அதைக் கடந்து போனது.

நம் பக்கத்தில் தண்ணீரைக் கடப்பதற்கு எல்லோரும் சொல்லித்தரும் முறை ஒன்றுதான். பஸ் போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போய்விடு. முதல் கியரில் போடு. எந்தக் காரணத்துக்காகவும் ஆக்சிலேட்டரை விடாதே, விட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறிவிடும். டிராக்டரிலும் பழைய ஜீப்பிலும் ஓட்டக் கற்றவர்கள் சொன்ன முறை இது. அந்த வண்டிகளுக்கு அது சரி. அவை மூச்சு விடும் இடம் உயரத்தில் இருந்தது. கார்த்தியும் இம்மி பிசகாமல் அதையே செய்தான். எதிரே வந்த டிராக்டர் கிளப்பிய அலை பம்பரில் மோதிய நேரத்தில் அவன் கால் ஆக்சிலேட்டரில் அழுந்தியிருந்தது. காற்றை இழுக்க வேண்டிய குழாய் அதே வேகத்தில் தண்ணீரை இழுத்துவிட்டது. பெட்ரோலும் காற்றும் கலந்ததைப் பிஸ்டன் அழுத்தும். தண்ணீரை எதனாலும் அழுத்த முடியாது. அந்த ஒற்றைச் சத்தம் அதுதான்.

போனில் அவன் அந்தச் சத்தத்தைச் சொன்ன நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் என்பது வரைக்கும் விளங்கிவிட்டது. அந்தத் தெளிவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் எஞ்சினைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா, சாவியத் தொடல. ரஃபீக் எறங்கித் தள்றேங்கறான்."

அப்போதுதான் கேட்டேன், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று.

"தெரியலம்மா. ரெண்டு பக்கமும் ஒரே தண்ணியா இருக்கு."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இறங்க வேண்டாம் என்று சொல், அவனை உள்ளே உட்காரச் சொல் என்றேன். கார்த்தி சொன்னானா என்று தெரியாது. தண்ணீர் இரைவது கேட்டது. பிறகு கார்த்தி அவன் பெயரைக் கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். இணைப்பு அறுந்தது.

சாலையில் வண்டி நின்றுவிட்டது என்று யார் அழைத்தாலும் உங்கள் முதல் கேள்வி வண்டியைப் பற்றி இருக்கக் கூடாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், சுற்றிலும் என்ன இருக்கிறது, கூட யார் இருக்கிறார்கள், இதைக் கேளுங்கள். எஞ்சின் காத்திருக்கும். இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. வண்டியின் குறைகளை எழுதும் ஜாப் கார்டில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

செல்வராஜ் வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கார்த்தியின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஊரைத் தாண்டியதும் அவனே கூப்பிட்டான். "அவனக் காணோம்மா. அந்தப் பக்கம் கால வச்சான், காணோம்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நீ சாலை நடுவிலேயே நில், காரைப் பிடித்துக்கொண்டு நில், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடு என்றேன். எந்தச் சாலை என்று கேட்டுக்கொண்டேன். ஆட்கள் ஓடிவருகிறார்கள் என்றான்.

தீயணைப்புக்கு அழைத்துச் சொன்னேன். அடுத்தது ரஃபீக்கின் அத்தா. அவர் எண் என்னிடம் இருந்தது. ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும்போதெல்லாம் கிடைத்ததா என்று கேட்பார்.

செல்வராஜ் தடுத்தார். "போய்ப் பாத்துட்டுச் சொல்லுவோம் மேடம். வயசானவரு. ஒண்ணுமில்லாமப் போயிட்டா எதுக்கு இப்பவே அவரப் பதற வச்சிக்கிட்டு."

நியாயமாகத்தான் பட்டது. ரஃபீக் எங்காவது கரையேறி இருமிக்கொண்டு நிற்கலாம். பத்து நிமிடத்தில் நல்ல செய்தியாகவே சொல்லிவிடலாம். அதைவிட எனக்குப் பயம். உங்கள் பிள்ளை என் பிள்ளையின் வண்டியிலிருந்து இறங்கி வாய்க்காலில் போய்விட்டான் என்று எந்தக் குரலில் சொல்வது?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலாளர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் புத்தம் புது வண்டி ஒன்றைச் சோதனை ஓட்டத்துக்கு எடுத்துப் போன மெக்கானிக், கேட் தூணில் கதவை உரசிக்கொண்டு வந்தான். வண்டிக்காரர் தங்கை கல்யாணத்தில் இருந்தார். பெயின்ட் அடித்துவிட்டு மெதுவாகச் சொல்லலாமே என்று நாங்கள் நான்கு பேரும் சொன்னோம். மேலாளர் கல்யாண மண்டபத்துக்கே போன் போட்டு, நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் உரக்கச் சொல்லி முடித்தார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "அவரு வண்டி. என்ன செய்யணும்னு அவருக்குத்தான் தெரியும். நாம யோசிக்கிற நேரமெல்லாம் அவரோட நேரம்" என்றார். அன்று அவர் திட்டு வாங்கியதுதான் எனக்கு நினைவில் நின்றது. சொன்னதன் அர்த்தம் செல்வராஜ் ஓட்டிய வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அழைத்தேன். கார்த்தியின் அம்மா பேசுகிறேன் என்று சொல்லி, சுற்றி வளைக்காமல், எந்தச் சாலை, என்ன நடந்தது, ரஃபீக்கைக் காணவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் தராசுத் தட்டு எதிலோ மோதும் சத்தம் கேட்டது.

"எந்த மதகுக்கு மேல?"

எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாலையில் வாய்க்கால் வழியும் இடம் தெரிந்த செல்வராஜ், ஓட்டிக்கொண்டே போனுக்குக் கேட்கும்படி, "பெரிய மதகுக்குக் கீழ பாய், சின்ன மதகுக்கு மேல" என்றார். ரஃபீக்கின் அத்தா போனை வைத்துவிட்டார். கோபத்தில் வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துத் தெரு ஆட்கள் மூங்கில் கழியோடு வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தார்கள். இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். கரை எது, வயல் எது என்று தெரியாமல் ஒரே நீராகக் கிடந்தது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிரின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. கார் மூக்கை முக்கிக்கொண்டு நின்றது. அதன் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. கார்த்தியை ஒருவர் இரண்டு கைகளாலும் பிடித்துவைத்திருந்தார். அவன் குதிக்கப் போனானாம்.

என் பிள்ளை நிற்கிறான் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அடுத்த மூச்சிலேயே அந்த நிம்மதி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நான் போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தாம்மா அந்தப் பக்கமாத் தள்ளுடான்னேன்" என்றான். ஒன்றும் பேசாதே என்றேன்.

ரஃபீக்கின் அத்தாவுக்கு அழைத்தேன். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. திரும்ப அழைத்தேன், அதே குரல். அவர் இங்கே வரவில்லையே, எங்கே போனார் என்று செல்வராஜைக் கேட்டேன். அவர் கயிற்றுக்காரர்கள் பக்கம் போய்விட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. அவர்கள் இறங்கினார்கள். ஆகாயத்தாமரை மொத்தை மொத்தையாக மிதந்து வந்தது. ஒவ்வொரு மொத்தையையும் கழியால் விலக்கிப் பார்த்தார்கள்.

அந்தக் காரைப் பிறகு நாங்கள்தான் பிரித்தோம். இரண்டு ராடுகள் வளைந்திருந்தன. மூன்றாவது சிலிண்டருக்குள் இருந்து ஒரு கரண்டி அளவு சேற்று நீரும் ஒரு நெல் பயிர் இலையும் வந்தன. செல்வராஜ் அந்த இலையைத் துடைத்து மேஜையில் வைத்தார். இந்த ஊரில் கம்பெனிக்காரன் ஒரு குழாயின் வாயை உயரத்தில் வைத்திருந்தால், அவன் பிக்கப்பை மட்டும் யோசித்து வைக்கவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். மழைநீரும் அறுவடைத் தூசியும் இல்லாத ஊரில் ஓட்டுகிறவருக்கு அது வேறு பேச்சு. இங்கே ஓட்டுகிறவர் எந்தச் சாலையில் வீட்டுக்குப் போகிறார் என்று கேட்காமல் எந்த மாற்றத்தையும் செய்து கொடுக்காதீர்கள். கார்த்தியின் நீளக் குழாயை நான் பொருத்த மறுத்தேன், அவன் வெளியில் பொருத்திக்கொண்டான். மறுத்ததோடு என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது சின்ன மதகுப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. தண்ணீருக்கு முன்னால் நின்றது. ஓட்டியவர் எனக்குத் தெரியாதவர். பின்னால் ரஃபீக்கின் அத்தா. கைலியும் சட்டையும் உடம்போடு ஒட்டியிருந்தன, தாடியில் பாசி இருந்தது. ஒற்றை ஆளாக வந்திருந்தார். கார்த்தியின் உடம்பு என் பிடிக்குள் விறைத்ததை உணர்ந்தேன். கழியோடு நின்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் தண்ணீருக்குள் நடந்து எங்களிடம் வந்தார். கார்த்தியின் தலைமேல் கையை வைத்தார்.

"ஆஸ்பத்திரில இருக்கான். பேசுறான்."

கார்த்தி அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். அவர் மூச்சு வாங்க, துண்டு துண்டாகச் சொன்னார். சின்ன மதகுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர் கடையில் சாமான் வாங்குகிறவர்கள். என்னிடம் பேசி வைத்ததுமே அவர்களுக்குப் போன் போட்டு மதகுக்கு ஓடச் சொல்லியிருக்கிறார். பிறகுதான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுக் கிளம்பியிருக்கிறார். ரஃபீக் ஆகாயத்தாமரையோடு அடித்துவரப்பட்டு மதகின் இரும்புத் தண்டைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். கை நழுவும் நேரத்தில் அவர்கள் அவன் தலைமுடியைப் பிடித்துவிட்டார்கள். அவனைக் கரையேற்ற இவரும் குதித்ததில் பையிலிருந்த போன் போய்விட்டது, என் எண் அதோடு போய்விட்டது.

நான் கைகூப்பினேன். அவர் என்னைப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்க போன் வந்தப்போ அஸர் தொழுகைக்குக் கெளம்பி செருப்பு மாட்டிட்டேம்மா. போனைக் கல்லாவுலயே வச்சிட்டுத்தான் போவேன்."